ஒரு வகுப்புக்கு ஒரு பொய்

கல்லூரியில் அவளுக்குப் 'பொய் மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடாதவர்களும் இல்லை. புதிதாக வந்த அலுவலக ஊழியர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, பாவம், இந்த அம்மாவை மாணவர்களுக்குப் பிடிக்காது போலிருக்கிறது என்று உச்சுக் கொட்டினாராம். அவளுக்கோ அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும். உழைத்து வாங்கிய பட்டம் என்பாள்.

அவள் நடத்துவது கட்டுமானப் பொருட்கள் பாடம். செங்கல், மணல், சிமெண்ட், கம்பி. கட்டடப் பொறியியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான். எத்தனை மணி நேரம் வகுப்போ அத்தனை மணி நேரத்துக்குத்தான் சம்பளம். ஒவ்வொரு வருடமும் கல்லூரி திறக்கும் முன்பு துறையிலிருந்து போன் வர வேண்டும். வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் இல்லை. ஆசிரியர் அறையில் அவளுக்கென்று நாற்காலி கிடையாது. அன்றைக்கு யார் லீவோ அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கே அவளுக்கென்று அந்த அறையில் இருந்தது கோபம் ஒன்றுதான். அது எப்போதும் மூக்குக்கு மேலேயே இருக்கும்.

பொய் சொல்லும் பழக்கமும் கோபத்தில் பிறந்ததுதான். வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாள் வாய் தவறி, சிமெண்ட் மூட்டைகளை ஈரத் தரையில் அடுக்கி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஈரமில்லாத தரை என்று சொல்ல வந்தது அப்படி ஆகிவிட்டது. சொன்ன மறு நிமிடமே அவளுக்கு உறைத்தது. யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தாள். வகுப்பு மொத்தமும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. ஈரத்தில் வைத்தால் சிமெண்ட் கல்லாகிப் போகும் என்பது தெரியாத பிள்ளைகள் இல்லை. காதில் விழுந்தது கை வழியாகத் தாளில் இறங்கிக்கொண்டிருந்தது, நடுவில் மண்டை என்று ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவில்லை. அன்றைக்கு வந்த கோபத்தில் மேசையை ஒரு தட்டு தட்டினாள். சாக்பீஸ் பெட்டி கீழே விழுந்தது.

அடுத்த வகுப்பில் சட்டம் போட்டாள். இனி ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பொய் சொல்வாள். ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் சத்தியம். பொய்யைக் கண்டுபிடித்தவர்கள் கத்தக் கூடாது, பக்கத்தில் இருப்பவரிடம் குசுகுசுக்கக் கூடாது, இடது கையைத் தூக்க வேண்டும். வலது கை சந்தேகம் கேட்க, இடது கை பொய்யைப் பிடிக்க. யார் தூக்கினாலும் அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மேலே போய்விடுவாள். மற்றவர்கள் வீட்டுக்குப் போய் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். அடுத்த வகுப்பின் முதல் பத்து நிமிடம் பொய்யை உடைக்கிற நேரம்.

அந்த நேரத்துக்காகவே தாமதமாக வருகிறவர்கள் கூட ஓடி வருவார்கள். கான்கிரீட் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொடியில் போட்ட துணி எப்படிக் காய்கிறதோ அப்படித்தான் கான்கிரீட்டும், தண்ணீர் வற்ற வற்ற இறுகும், வெயில் எவ்வளவு அடிக்கிறதோ அவ்வளவு நல்லது என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொல்லுவாள். அதுதான் அன்றைய பொய். இரண்டாம் வருடத்தில் கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். எல்லாவற்றுக்கும் ஏன், எதற்கு என்று எழுந்து நிற்பதால் வகுப்பில் அவளுக்கு 'எதிர்க்கட்சி' என்று பெயர். மேடம் வாயை மூடுவதற்குள் எதிர்க்கட்சியின் இடது கை மேலே போய்விட்டது. அடுத்த வகுப்பில் பொய் மேடம் இரண்டு சிறிய கான்கிரீட் கட்டிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒன்று வெயிலில் காய்ந்தது, மற்றது தண்ணீர்த் தொட்டியில் கிடந்தது. பிள்ளைகளையே கூப்பிட்டுச் சுத்தியலைக் கையில் கொடுத்தாள். காய்ந்த கட்டி சீக்கிரமே உதிர்ந்தது. தண்ணீரில் கிடந்ததை உடைக்க வகுப்பு லீடருக்கு வியர்த்துப் போனது. காய்வது வேறு, இறுகுவது வேறு. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து வினைபுரிந்துதான் இறுகுகிறது, அதற்காகத்தான் புதிதாகப் போட்ட தளத்துக்கு நாள்கணக்கில் தண்ணீர் விடுகிறோம் என்று அதன் பிறகுதான் சொன்னாள். சிதறின துண்டுகளைப் பெருக்கிய ஆயா மட்டும் அவளைத் திட்டித் தீர்த்தாள்.

அந்த வருடம்தான் வகுப்புகளைப் படம் பிடித்தார்கள். உடம்பு சரியில்லாமல் வராதவர்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காரணம் சொன்னார்கள். நல்ல விஷயம்தானே என்று அவளும் சும்மா இருந்தாள். அடுத்த வருடம், அதாவது அதே பிள்ளைகள் மூன்றாம் வருடத்தில் இருக்கும்போது, 'துணைவன்' வந்தான். கல்லூரியின் சொந்த செயற்கை நுண்ணறிவு என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும். பாடத்தைச் சுருக்கித் தரும். போதாததற்கு விடைத்தாளும் திருத்தும். வெளியில் இருக்கிற குப்பை எதையும் தொடாமல், நம் ஆசிரியர்கள் நடத்திய பாடங்களை மட்டுமே படித்து வளர்ந்த பிள்ளை என்று துறைத் தலைவர் பெருமையாகச் சொன்னார். எங்கள் பாடத்தைக் கொடுக்க எங்களைக் கேட்டீர்களா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை, மணிக்கணக்குச் சம்பளக்காரி எந்த வாயோடு கேட்பது?

வீட்டில் சொன்னபோது கணவருக்கு ஒரே சிரிப்பு. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவர் அவர். இத்தனை நாள் உன் பொய்யெல்லாம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், இப்போது மிஷினுக்கும் பங்கு போய்விட்டதே என்றார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் பல தடவை பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாம் வருடத்தின் முதல் பருவத் தேர்வில் பழைய பாடத்தையும் சேர்த்து ஒரு பேப்பர் உண்டு. சோதனை முயற்சியாக அதைத் துணைவனே திருத்தினான். முடிவு வந்த அன்று எதிர்க்கட்சி ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தால் சண்டைக்கு வந்தவள் மாதிரி நின்றாள். கொஞ்சத்தில் தோற்றுப் போயிருந்தாள். இந்தப் பேப்பரில் தேறாமல் கடைசி வருடத்துக்குள் கால் வைக்க முடியாது. ஒரு வருடம் போகும். அந்த ஒரு வருடத்தை அவள் வீட்டில் யாரும் பொறுத்துக்கொள்ளப் போவதில்லை. படித்தது போதும் என்று அண்ணன் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டான். கான்கிரீட் எப்படி இறுகுகிறது என்பது கேள்வி. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது என்று அவள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். அதற்குச் சுழியம். பக்கத்தில், பாடத்தில் கூறியதற்கு முற்றிலும் மாறானது என்று ஒரு குறிப்பு.

"நீங்களே கேட்டுப் பாருங்க மேடம்," என்று போனை நீட்டினாள்.

பொய் மேடம் கேட்டாள். துணைவன் உடனே பதில் எழுதினான். கொடியில் போட்ட துணி எப்படிக் காய்கிறதோ அப்படித்தான், தண்ணீர் வற்ற வற்ற இறுகும், கண்ணுங்களா.

கண்ணுங்களா என்பது அவள் சொல். வகுப்பைத் தவிர வேறெங்கும் அவள் அதைச் சொல்வதில்லை. தன் வாயிலிருந்து பிடுங்கிய சொல்லைத் தன் முகத்தில் துப்பியது போலிருந்தது. நிஜத்தைச் சொன்ன பிள்ளையைத் தன் பொய்யே தோற்கடித்திருக்கிறது என்பது புரிந்தபோது, அன்றைக்கு உட்கார்ந்திருந்த இரவல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

துணைவனைப் பார்த்துக்கொள்ள ஓர் இளைஞனைப் போட்டிருந்தார்கள். எல்லாரும் அவனைத் துணைவன் தம்பி என்பார்கள். மரியாதையான பையன், மேடம் உட்காருங்க என்று தன் நாற்காலியையே கொடுத்தான். பதிவுகளைத் துணைவனுக்குக் கொடுக்கும் முன் சுத்தம் செய்தோம் என்றான். எல்லா வகுப்பிலும் முதல் பத்து நிமிடத்தை வெட்டிவிட்டார்களாம். அட்டெண்டன்ஸ் எடுக்கிற நேரம்தானே, அதில் பாடம் என்ன இருக்கப் போகிறது? வருடம் முழுக்க அவள் சொன்ன பொய்களெல்லாம் பத்திரமாக உள்ளே போயிருந்தன. அவள் உடைத்ததெல்லாம் குப்பைக்குப் போயிருந்தது. இதை அவன் விளக்கிவிட்டுத் தயக்கத்தோடு கேட்டான்: "நீங்க ஏன் மேடம் பாடத்துல தப்பா சொன்னீங்க?"

பொய்க்கும் தப்புக்கும் வித்தியாசம் தெரியாத இடத்தில் கொண்டுபோய்ப் பிள்ளைகளை விட்டிருக்கிறார்களே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவனைத் திட்டிப் புண்ணியமில்லை என்று நேரே துறைத் தலைவரிடம் போனாள்.

துறைத் தலைவர் அதிர்ந்து பேசாத மனிதர். எந்தப் பிரச்சினை வந்தாலும் பூசி மெழுகிவிடுவார். கட்டடத் துறைக்குப் பொருத்தமானவர்தான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பாடத்தில் பொய் சொல்வது என்ன பழக்கம் என்று முதலில் கடிந்துகொண்டார். பிறகு வழியும் அவரே சொன்னார். அந்தப் பெண்ணுக்கு மட்டும் சத்தமில்லாமல் மதிப்பெண் போட்டுவிடலாம். பதிலுக்கு அவள் பொய் கலக்காமல் எல்லாப் பாடத்தையும் ஒரு தடவை கேமரா முன்னால் நடத்திக் கொடுத்துவிட வேண்டும். சுத்தமாக நடத்திக் கொடுத்த பிறகு அவள் எதற்கு என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவளுக்கு அது இரண்டாவதாகத்தான் உறைத்தது. முதலில் உறைத்தது வேறொன்று.

"இவளுக்கு மட்டும்னா, மத்தவங்க எல்லாம்?" என்று கேட்டாள்.

மற்றவர்களுக்கு என்ன, எல்லாரும் நன்றாகத் தேறியிருக்கிறார்களே என்றார் அவர். அந்தக் கேள்விக்கு வகுப்பில் மற்ற அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண்.

அத்தனை பேரும் கொடியில் துணி என்று எழுதியிருக்கிறார்கள். சுத்தியலால் உடைத்தவர்கள். உதிர்ந்த தூளைக் கையில் அள்ளிப் பார்த்தவர்கள். மறந்துபோய்விட்டார்களா? ஒருவேளை தான்தான் சரியாக நடத்தவில்லையா? நடத்தத் தெரியாதவள் என்று யாராவது சொன்னால் கூடத் தாங்கியிருப்பாள். அது உண்மையாக இருக்குமோ என்ற பயத்தைத் தாங்க முடியவில்லை. அன்று மத்தியானமே வகுப்புக்குப் போனாள், அவளுடைய வகுப்பு நேரமே இல்லை என்றாலும். கான்கிரீட் எப்படி இறுகுகிறது என்று கேட்டாள்.

தண்ணீரோடு வினைபுரிந்து என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. ஒருத்தரும் மறக்கவில்லை. அப்படியானால் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டாள். வகுப்பு லீடர் எழுந்தான். கட்டியை உடைத்து வியர்த்துப் போனவன் அவன்தான்.

"பொய்னு எங்களுக்குத் தெரியும் மேடம். திருத்துற மிஷினுக்குத் தெரியாதே. அது என்ன சொல்லுதுன்னு பரீட்சைக்கு முந்தின நாளே கேட்டுப் பார்த்துட்டுத்தான் எழுதினோம்."

சாதாரணமாகத்தான் சொன்னான். பேருந்து எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று சொல்வதைப் போலச் சொன்னான். அவளுக்கு மிஷின் மேல் வந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அன்றைக்கு ஈரத் தரை என்றதும் எழுதிய பிள்ளைகள் யோசிக்காமல் குனிந்தார்கள். இவர்கள் தெரிந்தே குனிந்திருக்கிறார்கள். பொய்யைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். பிடித்துவிட்டு, பத்திரமாக வைத்திருந்து, விலைக்கு விற்றிருக்கிறார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல நாலு வார்த்தை கேட்கத்தான் நினைத்தாள். கையிலிருந்த சாக்பீஸை மேசையில் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் சத்தமாகவே கழுவப்பட்டன. கணவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் வந்து துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். எங்கள் கடைக்கும் இப்படி ஆட்கள் வருவார்கள் என்றார். வேலைக்குக் கண் சான்றிதழ் வேண்டும் என்று வந்து, போர்டில் இருக்கிற எழுத்தை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு கடகடவென்று ஒப்பிப்பார்களாம். அவர்களைத் திட்டுவீர்களா என்று அவள் கேட்டாள். "திட்டி என்ன ஆகப்போகுது? போர்டைத் திருப்பிடுவேன்," என்றார்.

மறுநாள் அவள் துறைத் தலைவரிடம் போய், ஒருத்திக்கு மட்டும் என்பதெல்லாம் வேண்டாம், எல்லாத் தாளையும் கையால் திருத்துகிறேன் என்றாள். சம்பளம் வேண்டாம் என்றும் சொன்னாள். திருத்தினால் எதிர்க்கட்சியைத் தவிர வகுப்பில் அத்தனை பேருக்கும் அந்தக் கேள்வியில் சுழியம்தான் விழும், சிலர் தோற்கவும் கூடும் என்பது அவருக்கும் தெரியும். பெற்றோர்கள் வந்து நிற்பார்கள், துணைவனைப் பற்றிப் பத்திரிகையில் வரும். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகளிடமே பேசி முடித்துவிடலாம் வாருங்கள் என்றார். அடுத்த வருடம் உங்களைக் கூப்பிடுவதைப் பற்றியும் மேலிடத்தில் பேச வேண்டியிருக்கிறது என்று படியேறும்போது போகிற போக்கில் சொன்னார். அவள் அவருக்கு முன்னால் ஏறினாள்.

வகுப்பறையில் துணைவன் தம்பி கேமராவைத் தயாராக வைத்திருந்தான். எல்லாம் பதிவாக வேண்டுமாம். துறைத் தலைவர் மேடையில் ஏறினார். பொய் மேடம் கதவோரமாக நின்றாள். அவர் இனிக்க இனிக்கப் பேசினார். புது வசதி என்றால் சின்னச் சின்னக் குழப்பம் வரத்தான் செய்யும் என்றார். யாருக்கும் நஷ்டம் வராத முடிவு எடுத்திருக்கிறோம் என்றார்.

"அந்தக் கேள்விக்கு ரெண்டு பதிலுமே சரின்னு வெச்சுக்கலாம். காய்ஞ்சு இறுகுதுன்னு எழுதினாலும் முழு மார்க், தண்ணியோட வினைபுரிஞ்சு இறுகுதுன்னு எழுதினாலும் முழு மார்க். எல்லாருக்கும் சம்மதம்தானே?"

வகுப்பு முழுவதும் நிம்மதியாக மூச்சு விட்டது. கட்டடம் கட்டப் போகிற பிள்ளைகளிடம், தளம் வெடித்தாலும் சரி, வெடிக்காவிட்டாலும் சரி என்று ஒரு துறைத் தலைவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் இந்த முடிவால் எதிர்க்கட்சி தேறிவிடுவாள். ஒரு வருடம் தப்பிக்கும், அண்ணன் வாயை மூடுவான். தான் வாயைத் திறந்து இந்த ஏற்பாடு கெட்டு, துணைவன் போட்ட மதிப்பெண்ணே நின்றுவிட்டால் அந்தப் பெண்ணின் பிழைப்பில் மண் விழும். இதை எப்படிச் சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பொய் மேடம் யோசித்தாள். பேசியே பிழைக்கிறவளுக்கு அன்றைக்குப் பேச்சு வரவில்லை.

கடைசி பெஞ்சில் ஒரு கை மேலே போனது. எதிர்க்கட்சியின் கை.

என்னம்மா சந்தேகம் என்று துறைத் தலைவர் கேட்டார். சந்தேகம் எதுவும் இல்லை சார் என்றாள் அவள். கையை மட்டும் இறக்கவில்லை. அது இடது கை. இடது கைக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் தெரியாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் மேடையில் நின்றார், மற்றவன் கேமராவுக்குப் பின்னால் நின்றான்.

துறைத் தலைவருக்குச் சலிப்பு வந்துவிட்டது. இந்த ஏற்பாடு வேண்டாம் என்றால் எல்லாத் தாளையும் கையால் திருத்த வேண்டியிருக்கும், அப்புறம் மதிப்பெண் போய்விட்டது என்று யாரும் வந்து அழக் கூடாது, நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். வகுப்பு யோசித்தது. வகுப்பு லீடர் பேனாவை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். அப்புறம் பொய் மேடத்தைப் பார்க்காமலே இடது கையைத் தூக்கினான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண். ஜன்னலோரமாக இருவர். இன்னும் சிலர். எல்லாரும் தூக்கினார்கள் என்று சொல்ல ஆசைதான். பாதிப் பேருக்கு மேல் தூக்கவில்லை. மேசையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பொய் மேடம் பார்த்து வைத்துக்கொண்டாள். மறக்கிறவள் இல்லை அவள்.

"என்ன இது? எல்லாரும் ஏன் இடது கையைத் தூக்குறாங்க?" என்று துறைத் தலைவர் அவளைக் கேட்டார்.

கதவை விட்டு அவள் உள்ளே வந்தாள். அவளுடைய இடது கையும் மேலேதான் இருந்தது. எப்போது தூக்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

"நீங்க சொன்னதுல ஒரு பொய் இருக்கு சார். பிள்ளைங்க பிடிச்சிட்டாங்க. அடுத்த வகுப்புல உடைக்கிறேன்." பிறகு கேமரா பக்கம் திரும்பினாள். "தம்பி, அந்த முதல் பத்து நிமிஷத்தை மட்டும் வெட்டிடாதீங்க."

துணைவன் தம்பி துறைத் தலைவரைப் பார்த்தான். அவர் மேடையிலிருந்து இறங்கினார். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவள் விடைத்தாள் கட்டை எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, சிவப்புப் பேனாவைத் தேடிப் பையைத் துழாவினாள்.